ஏத்தற பெட்டி, எறக்கற பெட்டி

கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து கைக்கொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு இறங்கிய அர்த்தநாரி, பாவடித் தெருவுக்குள் நுழைந்தபோது தெருவின் தறிகளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. வார லீவையும் சோத்து நேரத்தையும் தவிர அவை எப்போதும் ஓடுகிறவைதான். பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று ஆள் மாறுவார்களே தவிர, தறி உட்கார்ந்து மூச்சு வாங்கியதில்லை. அந்தத் தெருவில் பிறக்கிற பிள்ளை தாயின் குரலுக்கு முன்னால் தறியின் சத்தத்தைத்தான் கேட்டது. அந்தத் தெருவில் செத்தவரைத் தூக்கிப் போகும்போது, ஊதுகிறவரின் கன்னம் உப்புவதைப் பார்த்துத்தான் சங்கு ஊதுகிறார் என்று மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள். ஆகவே இரண்டு பெட்டிகள் வந்து சேர்ந்ததை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கே பேச்சு என்பது காதில் விழுகிற பொருள் அல்ல, உதட்டில் பார்க்கிற பொருள். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எதிராளியின் உதட்டசைவைப் பார்த்தே சேதி தெரிந்துகொள்வார்கள், பார்க்க முடியாமல் போனால் தலையை ஆட்டிவிடுவார்கள். தலையாட்டுவது அந்தத் தெருவின் மரியாதை. நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லுவது, உங்கள் வாய் நாறுகிறது என்று சொல்லுவதற்குச் சமம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் தலையாட்டினார்கள், சாவுக்குச் சொன்னாலும் தலையாட்டினார்கள், பிறகு எது எந்த வீட்டில் என்று யாரிடமாவது விசாரித்துக்கொண்டு போனார்கள்.

அர்த்தநாரியின் வீடு மாடியில், பட்டறை கீழே. தறிக்கு நடுவிலேயே வளர்ந்து தறிக்கு நடுவிலேயே தலை நரைத்தவர் என்பதால் காது முக்கால்வாசி போய்விட்டது. அவருடைய மனைவி சம்பூரணத்துக்கோ ஒரு காலத்தில் தெருவிலேயே பெரிய குரல். மாடியில் நின்று அவள் ஒரு சத்தம் போட்டால், அத்தனை தறிக்கும் மேலாக அது ஏறிப் போய்க் கேட்டு, எதிர்ச்சாரி டீக்கடையில் டீ ஆற்றத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் குரல் அவளுக்குக் கழுத்தில் கழலை வந்து, ஈரோட்டில் ஆப்பரேஷன் செய்ததோடு போயிற்று. நரம்போடு ஒட்டிக் கிடக்கிறது, குரல் குறையலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கத்தி வைத்தார். கழலை போனது, உயிர் நின்றது, குரல் மட்டும் வெறும் காற்றாகிவிட்டது.

ஆப்பரேஷன் அறையின் வாசலில், தள்ளுவண்டியில் படுத்திருந்த சம்பூரணம் அவரிடம் என்னமோ சொன்னாள். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, நர்ஸம்மா குறுக்கே நின்றுகொண்டிருந்தார், உதடு சரியாகத் தெரியவில்லை. அர்த்தநாரி தலையை ஆட்டினார். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பின அந்த முகத்தை அவர் மறக்கவே இல்லை. என்ன சொன்னாய் என்று பின்னால் கேட்கவும் இல்லை; கேட்டால் அன்றைக்கு ஆட்டின தலை பொய் என்று ஆகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு, காது கேட்காத ஒருவரும் குரல் இல்லாத ஒருத்தியுமாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காதுக்கு ஒரு மிஷின் வாங்கி மாட்டிப் பார்த்தார். அது அவளுடைய காற்றுப் பேச்சை விட்டுவிட்டுத் தறிச் சத்தத்தை மூளைக்குள் கொண்டுவந்து கொட்டியது. கழற்றி அலமாரியில் போட்டார். பேச்சு நின்றுபோன வீட்டை எதையாவது வைத்து நிரப்பவேண்டும் என்று அவருக்கு ஆகிவிட்டது. மாடியறையின் சுவர் முழுக்க நாமக்கல்லிலிருந்து வருகிற முட்டை அட்டைகளை ஒட்டினார், கதவிடுக்கில் கழிவுப் பஞ்சை அடைத்தார், ஒரு சி.டி. பிளேயர் வாங்கினார், ஒரு பவர் ஆம்ப் வாங்கினார், ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு வாங்கினார், கட்டுக்கட்டாக நாகசுர சி.டி. வாங்கினார். பிளேயருக்கும் ஆம்புக்கும் நடுவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டிய ப்ரீ ஆம்ப் ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் கோயம்புத்தூருக்குப் போனார்.

கடைக்காரர் தாமோதரசாமி இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜை மேல் வைத்து, இவருடைய காதோரம் வந்து சொன்னார்.

“இது ஆக்டிவுங்க. கரண்ட்டுல ஓடும். வர்ற சத்தத்த ஏத்திக் குடுக்கும், தெம்பு குடுக்கும், தன் பங்குக்கு ஒரு சிட்டிகை சேக்கவும் சேக்கும். இது பாசிவ். கரண்ட்டு கெடையாது. தெறந்து பாத்தாலும் பெருசா ஒண்ணும் இருக்காது, ஒரு குமிழ்தான். இதுக்கு ஏத்தத் தெரியாதுங்க, எறக்கத்தான் தெரியும். உள்ளத உள்ளபடி விட்டுரும்.”

“அப்பறம் இத எதுக்குங்க வாங்கறாங்க?”

“உள்ளதே போதும்னு நெனைக்கறவங்க வாங்கறாங்க. ஒண்ணே ஒண்ணுங்க, பாசிவுக்கு ஒயர் நீளமா இருக்கப்படாது. ஒரு மொழம். அதுக்கு மேல இழுத்தீங்கன்னா சத்தம் வழியிலயே செத்துரும். எல்லாத்தையும் ஒட்டி ஒட்டி வெக்கோணும்.”

பாதிதான் கேட்டது. அர்த்தநாரி தலையை ஆட்டினார். ரெண்டையும் கொண்டுபோய் வீட்டில் வைத்துக் கேளுங்கள், ஆடி நோம்பிப் பண்டிகைக்குள் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்று தாமோதரசாமி சொன்னதற்கும் ஆட்டினார்.

வார லீவு அன்று, பட்டறைகள் ஓய்ந்திருந்த காலை வேளையில், அவர் முதலில் ஆக்டிவை மாட்டினார். குமிழைத் திருப்பினார். நாகசுரம் எழுந்து முட்டை அட்டைகளுக்குள் புகுந்து திரும்பிவந்து அவர் மடியில் உட்கார்ந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு சீவாளியில் எச்சில் படுகிற சத்தம் வரைக்கும் கேட்டார். கண் நிறைந்துவிட்டது. பாட்டு முடிந்தது. குமிழை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்போது, பிள்ளையார் கோயிலிலிருந்து சாயப்பட்டறைச் சாக்கடை வரைக்குமான பாவடித் தெருவின் சின்னச் சத்தமெல்லாம் ஏறத் தொடங்கிற்று.

கஞ்சி போட்டுக் காயவைத்த நூல் வெயிலில் முறுக்கேறுகிற சத்தம் கேட்டது. கஞ்சிக்கு வைத்த மைதா மூட்டைக்குள் புழு நெளிகிற சத்தம் கேட்டது. ஓட்டின் மேல் பூனை நடந்தது, அது பூனை நடப்பதுபோலவே இல்லை. கோயிலில் சிவகுருநாதக் குருக்கள் அர்ச்சனைக்கு நடுவில், கேஸை மூடினோமா இல்லையா என்று வாய்க்குள் முனகியது ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் கேட்டு, ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டு கேஸை ஒருமுறை மூடிப் பார்த்தாள். எதிர்வீட்டில் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற மரகதம் வாசலில் நின்றாள், அவள் வயிற்றுக்குள் பிள்ளையின் நெஞ்சு அடிப்பது டக்டக்டக்கென்று தெருவெல்லாம் கேட்டது. இது என்ன அதிசயம் என்று யாரும் ஓடிவரவில்லை. கேட்காதது கேட்டால், கேட்கவேண்டியதுதானே என்று கேட்டார்கள்.

அந்தச் சத்தங்களுக்கெல்லாம் மேலாக, சமையலறையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த சம்பூரணத்தின் காற்றுக்குரல் ஏறியது.

“செவுடுன்னு சொல்லீட்டாக் கூடப் பரவால்ல. கேட்டாப்பல தலைய ஆட்டறாரு. ஆப்பரேசனுக்கு முந்தியும் அப்படித்தான் ஆட்டுனாரு. அப்ப எனக்குப் பெரிய தொண்டை இருந்துச்சா, கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். இத்தன வருசமும் நான் செவுத்துக்கிட்டத்தான் பேசியிருக்கறேன்.”

அர்த்தநாரி அதைக் கேட்டார். பெண்டாட்டியின் குரலைக் கேட்ட சந்தோஷம் முதலில் வந்து, அவள் சொன்னது பிறகு வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்து நினைத்துப் பின்னால் வெகுநாள் வெட்கப்பட்டார்.

சம்பூரணம் வெளியே வந்து எட்டிப் பார்த்தபோது தெருவே அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மரகதம் நல்ல மனசோடுதான் சொன்னாள். “அக்கா, உங்க பேச்சு எங்கூடு வரைக்கும் நல்லாக் கேட்டுச்சுங்க.”

அதோடு சம்பூரணம் வாயை மூடிக்கொண்டாள். முன்னாவது காற்று வந்தது, உதடு அசைந்தது. இப்போது அதுவும் இல்லை. சோற்றைப் போட்டாள், தண்ணீர் வைத்தாள், துணி மடித்தாள், உதடு ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது. கல்யாணமாகி பவானியில் இருக்கிற மகள் வீடியோவில் கூப்பிட்டாலும் முகத்தைக் காட்டிவிட்டுப் போனை இவர் கையில் கொடுத்துவிட்டாள். அர்த்தநாரிக்குப் பயம் வந்தது. குரல் போனபோது வராத பயம். வீட்டில் ஒருத்தி இருந்துகொண்டே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளே ஆக்டிவைக் கழற்றி பாசிவை மாட்டினார். தறிகள் ஓடிக்கொண்டிருந்த மத்தியானம் அது. நாகசுரம் உள்ளது உள்ளபடி வந்தது. பிறகு குமிழைக் கீழே இறக்கினார், தெருவும் கூடவே இறங்கியது. தறிகள் ஓடின, ஊடு நூலைச் சுமக்கிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தது, ஆனால் சத்தம் வடிந்து, தூரத்தில் எங்கோ மழை பெய்கிற அளவுக்கு வந்து, பிறகு அதுவும் நின்றது.

ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஆட்கள் ஒருசேர விழித்துக்கொண்டார்கள். தறி ஓடுகிறவரைக்கும் தூங்குகிறவர்கள் அவர்கள். தறி நின்றால்தான் விழிப்பு வரும். கரண்ட் போய்விட்டது, பாவு நூல் அறுந்துவிட்டது, பெல்ட்டில் யார் கையாவது மாட்டிக்கொண்டது என்று ஆளுக்கொன்று நினைத்துக்கொண்டு லுங்கியை இறுக்கிக்கொண்டே ஓடிவந்து பார்த்தால், தறிகள் வாயைப் பொத்தினாற்போல் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். சரி என்று திரும்பிப் போய்ப் படுத்தார்கள். புதுத் தூக்கம் பழகக் கொஞ்ச நாள் ஆனது.

இப்படியாக அந்தத் தெரு ஏத்தற பெட்டிக்கும் எறக்கற பெட்டிக்கும் வாழப் பழகிற்று. தறி ஓடும்போது ஏத்தற பெட்டியைத் தொட்டால் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது, ஆகையால் சோத்து நேரத்துக்கு மட்டும் அது என்று முடிவானது. அந்த நேரத்தில் மெல்லப் பேசுகிறவர்களெல்லாம் பெரிய மனுஷர்களானார்கள், குடும்பச் சண்டைகள் மனசுக்குள்ளேயே நடந்தன, குருக்களைப் பார்க்கிறவர்களெல்லாம், “சாமி, கேஸ் மூடியாச்சுங்களா?” என்று கேட்டார்கள். மற்ற நேரத்தில் எறக்கற பெட்டி. மினி பஸ்காரர் தெருவுக்குள் விசில் எடுபடாமல் இறங்கிவந்து ஒவ்வொருவர் தோளையும் தட்டிக் கூப்பிட்டார். காய்க்காரம்மா கூவுவதை விட்டுவிட்டு, ஒரு கையில் கத்திரிக்காயும் மறு கையில் முருங்கைக்காயுமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிள்ளைகள் படித்தன. பக்கவாதத்தில் கிடந்தவர்கள் தூங்கினார்கள்.

பட்டறையில்தான் சிக்கல். இழை அறுந்தால் தறியின் சத்தம் மாறும், அந்த மாற்றம் காதில் விழுந்த கணமே தறிக்காரரின் கை தானாகத் தறியை நிறுத்தும். எத்தனை தறி ஓடினாலும் தன் தறியின் சத்தம் அவரவருக்குத் தனியாகக் கேட்கும். இப்போது ஒன்றும் கேட்காமல் துணி பூராவும் ஓட்டை விழுந்தது. அர்த்தநாரியிடம் தறி ஓட்டுகிற சென்னிமலை, மரகதத்தின் புருஷன், முதலில் அதற்கு வழி கண்டான். தறிச் சட்டத்தின் மேல் காதை அழுத்திப் பார்த்தான். உள்ளே சத்தம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் போகிற சத்தத்தைத்தான் அந்தப் பெட்டியால் இறக்க முடிந்தது. தொட்டுக்கொண்டிருக்கிற சத்தத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு தெருவிலுள்ள தறிக்காரர்களெல்லாம் தறிக்குத் தறி போய்ச் சட்டத்தில் காதை வைத்து வைத்து எழுந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அவர்கள் தறியிடம் என்னமோ ரகசியம் கேட்கிறவர்கள்போல் இருந்தது.

ஆடி நோம்பி நெருங்க நெருங்க, எந்தப் பெட்டி திரும்பிப் போகும் என்ற பேச்சு வந்தது. தெரு இரண்டு கட்சியாயிற்று. பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். முதலில் எழுந்தவர் பொன்னுரங்கம், கடைசி வீட்டுக்காரர்.

“ஏனுங்க, எங்கப்பாரு வருசக்கணக்கா மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டே படுத்திருந்தாரு. வலின்னு நெனச்சிட்டிருந்தோம். வலி இல்லீங்க, சத்தமுங்க. இப்பத்தான் அவரு மூஞ்சி எப்படி இருக்கும்னே நாங்க பாக்கறோம். எறக்கற பெட்டி இருக்கோணுமுங்க.”

மரகதம் உட்கார்ந்தபடியே பேசினாள். “அண்ணா, ஏத்தறத மட்டும் அனுப்பிப்போடாதீங்க. போன தடவ எம் புள்ள உள்ளயே நின்னுபோனது எனக்குத் தெரியாமயே போயிருச்சு. அதுபாட்டுக்கு நின்னுபோச்சு, நான் தார் சுத்திக்கிட்டு இருந்திருக்கறேன். இப்ப சோத்து நேரத்துல நெஞ்சடிக்கறது காதுல விழுந்தாத்தானுங்க எனக்குச் சோறு எறங்குது.”

பெட்டி அர்த்தநாரியுடையது, அவரே முடிவு செய்யட்டும் என்று கலைந்துபோனார்கள். அவர் யாரை நினைத்து எதை வைத்துக்கொள்வார் என்பது தெருவுக்குத் தெரியும்.

அவரும் தெரிந்தேதான் இருந்தார். சம்பூரணத்துக்குக் குரல் இல்லை, தனக்குக் காது இல்லை, இரண்டுக்கும் சேர்த்து மருந்தாக ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்கிறவன் மடையன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் தெருவைக் கண்டு கூசுகிறாள், அவ்வளவுதான், பழகிவிடும். பழகி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பாசிவை மறுநாளே கட்டி எடுத்துப் போய்விடலாம்.

நோம்பிக்கு முந்தின நாள் சோத்து நேரத்தில், தறிகள் நின்றதும், ஏத்தற பெட்டியை மாட்டிக் குமிழை முழுக்கத் திருப்பினார். சம்பூரணம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் பெட்டிக்குப் பக்கத்தில், அறையின் இந்தக் கோடியில் இருந்தார். விஷயம் எப்படியோ பரவி, கீழே தெருவில் எல்லாரும் மெல்லுகிற சத்தம் குறுக்கே வரக்கூடாது என்று தட்டில் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“சொல்லு சம்பூரணம். என்ன சொல்லோணுமோ சொல்லு. இப்ப எனக்குக் கேக்கும்.”

அது சாயப்பட்டறை வரைக்கும் இடித்தது. ஒயரில் இருந்த காக்காய்கள் எழுந்து பறந்தன. அவள் அவரைப் பார்த்தாள். உதடு திறக்கவில்லை. மரகதத்தின் பிள்ளையின் நெஞ்சு டக்டக்டக்கென்று அடித்தது. அதற்குக் கீழே அவருடைய சொந்த நெஞ்சு தாறுமாறாக அடித்தது. அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் கண்ணைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் அவர் தலை தானாக ஆடியது. ஆடியபோது கழுத்தெலும்பு நெரிந்தது. ஒரு பழைய கதவைத் திறந்து மூடுகிற மாதிரி அந்தச் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. மறுபடி ஆடியது, மறுபடி கேட்டது. சொல்லாத பேச்சுக்கும் தலையாட்டுகிற மனுஷன் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவரவர் கழுத்தை அவரவர் அசையாமல் பிடித்துக்கொண்டார்கள்.

சம்பூரணம் எழுந்து வந்தாள். ஏத்தற பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயர்களைக் கழற்றி எறக்கற பெட்டியில் மாட்டினாள். அவர் மாட்டுவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். குமிழைக் கடைசி வரைக்கும் இறக்கிவிட்டு ஜன்னலுக்குத் திரும்பிப் போனாள். சோத்து நேரம் முடிந்து தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. அதிர்வு காலில் தெரிந்தது, காதில் ஒன்றும் இல்லை.

அவள் ஜன்னல் வழியாக எதையோ பார்த்தாள். அர்த்தநாரியும் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் மரகதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த நெஞ்சடிப்பு பொசுக்கென்று நின்றதும் முகம் வெளுத்துப்போயிருந்தாள். சென்னிமலை பட்டறையிலிருந்து ஓடிவந்தான். நடுத்தெரு என்றும் பார்க்காமல் முட்டி போட்டு, தறிச் சட்டத்தில் வைக்கிற அதே காதை அவள் வயிற்றில் வைத்தான். வைத்தபடியே வெகுநேரம் இருந்தான். பிறகு அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டிக் காட்டினான். டக் டக் டக். மரகதம் அழுதுகொண்டே தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சம்பூரணம் திரும்பினாள். எத்தனையோ நாள் ஒட்டிக்கிடந்த உதடு பிரிந்து அசைந்தது.

அர்த்தநாரியின் கழுத்து ஆடத் தயாரானது. அதை நிறுத்துவது தறியைக் கையால் பிடித்து நிறுத்துகிற வேலையாக இருந்தது. நிறுத்தினார்.

“கேக்கல,” என்றார்.

சொன்னது அவருக்கே கேட்கவில்லை. அவள் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருமுறை, ஒவ்வொரு எழுத்தாக, அவளுக்குத் தெரியும்படி சொன்னார்.

“எனக்குக் கேக்கல சம்பூரணம். முன்னயும் கேட்டதில்ல.”

அந்தத் தெருவில் ஒரு ஆம்பிளை அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கும். அவளுடைய முகம் அவர் பயந்ததுபோல் ஆகவில்லை. பாரம் இறங்கின முகமாக ஆயிற்று.

அறையின் இந்தக் கோடியில் அவர் நின்றார், அந்தக் கோடியில் அவள் நின்றாள். ஒயர் நீளமாக இருக்கப்படாது என்று கடைக்காரர் சொன்னது, அன்றைக்குப் பாதி கேட்டது, இப்போது முழுசாகக் கேட்டது. நடந்து போனார். ஒரு முழத்துக்குள் வந்தும் நிற்காமல் இன்னும் கிட்டே போனார். சம்பூரணம் அவர் தலையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, கழுத்தில் தையல் போட்ட தழும்பின் மேல் அவர் காதை வைத்து அழுத்திக்கொண்டாள்.

தொண்டைக்குள் அந்தக் குரல் இருந்தது. பழைய பெரிய குரல் இல்லை. காற்றும் கொஞ்சம் கரகரப்புமாக, எந்தக் குமிழின் வழியாகவும் வராமல், எலும்பிலிருந்து எலும்புக்கு நேராக வந்தது.

“கேக்குதுங்களா?”

“கேக்குது.”

“அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் சொன்னது என்னன்னு தெரியுங்களா?”

“தெரியாது.”

“பயமா இருக்குது, கொஞ்ச நேரம் கையப் புடிச்சிட்டு இருங்கன்னு சொன்னனுங்க. நீங்க தலைய ஆட்டிப்போட்டு மாத்தர வாங்கப் போயிட்டீங்க.”

அர்த்தநாரி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். காலங்கடந்து பிடித்த கை என்று அவருக்குத் தெரியும். விடவில்லை.

ஏத்தற பெட்டி மறுநாள் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போனது. அவர் எதையும் கேட்கும் முன்னால் தாமோதரசாமி, “நெறையப் பேரு ஆக்டிவத்தான் எடுப்பாங்க, நீங்க என்னங்க பாசிவ எடுத்தீங்க?” என்று கேட்டார். நீங்கள் சொன்னது கேட்கவில்லை, இன்னொருதரம் சொல்லுங்கள் என்று அர்த்தநாரி கேட்டுவாங்கிப் பதில் சொன்னார். எந்நேரமும் எறக்கற பெட்டியோடேயே வாழவும் பாவடித் தெரு பழகிற்று. ஏதாவது சொல்லவேண்டும் என்றால் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளையோ நெற்றியையோ ஒட்டிக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு கிட்டே போய்ச் சொல்லத் தகுதியில்லாத பேச்செல்லாம் தானாக உதிர்ந்துபோயிற்று. மரகதத்துக்குப் பெண்பிள்ளை பிறந்தபோது, அது அழுகிறதா என்று கேட்பதற்கு ஒவ்வொருவராக வந்து அதன் முதுகில் காதை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு மத்தியானம், கீழே தறிகள் வாய்பொத்தி ஓடிக்கொண்டிருக்க, சம்பூரணம் பேசிக்கொண்டே இருந்தாள். கல்யாணமான புதிதில் சொன்னதை மறுபடி சொன்னாள், மகள் பிறந்த அன்று சொன்னதைச் சொன்னாள், அவள் அம்மா செத்தபோது சொன்னதைச் சொன்னாள், எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டியிருந்தார், ஒன்றையும் அவர் கேட்டதில்லை. இப்போது கேட்டார். சில இடங்களில் அழுகை வந்தது, சில இடங்களில் ஆமாம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் தலையை மட்டும் ஆட்டவில்லை. ஆட்டினால் காது நகர்ந்துவிடும்.